பங்குனிக்கு எந்தக் காடு?

அருவியில் தண்ணீர் விழாத மாதங்களில் தென்காசிப் பக்கம் டூர் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டே வேலைதான்: ஒன்று ஈ ஓட்டுவது, இன்னொன்று காடு விற்பது.

நான் காடு விற்கிறேன். மேலகரத்தில், மெயின் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மாடியில் என் ஆபீஸ். சாரல் காலத்தில் குற்றாலத்தில் ரூம் கேட்டு வெளியூர்க்காரர்கள் போன் போட்டே என் காதைத் தேய்த்துவிடுவார்கள். மாசி பிறந்தால் அருவிப் பாறை காய்ந்துவிடும். அப்போதுதான் உள்ளூர்க்காரர்களுக்கு வெளியூர் ஆசை வரும். யாரோ அவர்கள் போனுக்கு 'வசந்த காலத்தில் பார்க்க வேண்டிய தேசியப் பூங்காக்கள்' என்று பனி உருகும் மலையும் மஞ்சள் பூவுமாக ஒரு வீடியோ அனுப்பியிருப்பார்கள். நம் ஊர் வசந்தம் என்பது மண்டையைப் பிளக்கும் பங்குனி வெயில். இருந்தாலும் காட்டுக்குப் போக நல்ல நேரம்தான். இலை உதிர்ந்திருக்கும், தண்ணீர் தேடி மிருகங்கள் வெளியே வரும். இதை நான் தொண்டை வறளச் சொல்வேன். அவர்கள் கேட்டுவிட்டு, நான் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள்.

ஒரு வீட்டில் நாலு பேரை ஒரே ஹோட்டலுக்குச் சம்மதிக்க வைத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்களும் படித்து வையுங்கள், உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

தம்மாமிலிருந்து ஒரு போன்

கடையநல்லூர் மைதீனுக்குச் சவுதியில், தம்மாமில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறார், மனைவி ரஷீதாவை ஒரு பார்க்குக்குக் கூட்டிப் போக வேண்டும், எது நல்ல பார்க் என்று கேட்டார். முதல் போன் வந்தபோது ஊரில் பொங்கல் கரும்புச் சக்கைகூட அள்ளி முடியவில்லை. இவ்வளவு முன்யோசனையோடு ஒரு வாடிக்கையாளரா என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் அந்த ஒரு போனோடு சரி.

எனக்குத் தெரிந்த காட்டையெல்லாம் சொன்னேன். முதுமலை, பந்திப்பூர், தேக்கடி. எதற்கும் "இதைவிட நல்லதா?" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒரு காட்டுக்குப் போக இவ்வளவு யோசனையா தம்பி என்று கேட்டேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

"போன லீவு பூரா கல்யாண வீடு, விருந்து வீடு, மவுத்து வீடுன்னே போயிட்டு அக்கா. திரும்ப ஏர்போர்ட்டுக்குப் போகும்போதுதான் அவ பக்கத்துல உக்காந்தேன். 'அடுத்த தடவையும் எங்கயும் கூட்டிட்டுப் போகலைன்னா நீங்க லீவுக்கே வர வேண்டாம்'னு சொல்லிட்டா. அதான், இந்தியாவுலயே நல்லதா ஒண்ணு சொல்லுங்க."

எண்ணெய் ஊறும் நேரம்

தென்காசியில் ஓய்வு பெற்ற சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் குடும்பத்தோடு போகக் காடு கேட்டு வந்தார். நான் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவருக்கு ஒரே கேள்விதான், "குளிக்கலாமா?" பந்திப்பூரில் குளிக்க முடியாது அண்ணாச்சி, அங்கே குளம் யானைக்கு. தேக்கடியில் ஏரி இருக்கிறது, போட்டில் போகலாம், இறங்கக் கூடாது. "தண்ணிக்குப் பக்கத்துல போயிட்டு நனையாம வரணுமாக்கும்?" என்று என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு டூர் என்றால் குளியல்தான். மிருகம் வந்தால் அது கொசுறு.

ஒரு வழியாக முதுமலைக்கு அனுப்பி வைத்தேன். விடியற்காலை சவாரிக்கு ஜீப் சொல்லியிருந்தேன். காலையில் ஜீப் டிரைவர் என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறார், ஆள் வரவில்லை என்று. நான் அண்ணாச்சிக்கு அடித்தால் எடுக்கவில்லை. கடைசியில் அவர் சம்சாரம் எடுத்து விவரம் சொன்னார். அண்ணாச்சி ஊரிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டில் கொண்டு போயிருக்கிறார். வெளியூர் வந்தால் முதல் நாள் எண்ணெய்க் குளியல் என்பது அவர் சட்டம். தலையிலிருந்து கால் வரை தேய்த்துக்கொண்டு வராந்தாவில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் போய்விட்டது. போனவர்கள் அன்றைக்குச் சிறுத்தை பார்த்தார்கள்.

திரும்பி வந்ததும் ஆபீஸ் படியேறி வந்து சண்டை போட்டார். நான் நேரத்தை முதலிலேயே சொன்னேனே அண்ணாச்சி என்றேன்.

"நேரம் எனக்கும் தெரியும் தங்கச்சி. எண்ணெய் ஊறுத வரைக்கும் நிக்க முடியாதவன் என்ன ஜீப் ஓட்டுதான்?"

நாலு பேர் ரூம்

மைதீன் தம்மாமில் தங்கியிருந்தது நாலு பேர் ரூம். மற்ற மூன்று பேரில் ஒருவர் அசாம், ஒருவர் ராஜஸ்தான், ஒருவர் மலையாளி. இதைவிடப் பெரிய கேடு ஒரு டூர்க்காரிக்கு வரக்கூடாது.

மாசி முதல் வாரம் காசிரங்காதான் என்றார். அங்கே காண்டாமிருகம் மாடு மாதிரி மேயுமாம். சரியென்று விமானம், ரயில் எல்லாம் பார்த்து வைத்தேன். மறுவாரம் ரந்தம்பூர் என்றார். பங்குனியில்தான் அங்கே புலி தண்ணீர்க் குட்டையில் வந்து படுக்குமாம். அதையும் பார்த்து வைத்தேன். அதற்கடுத்த வாரம் மலையாளி ஜெயித்துவிட்டார் போல, தேக்கடி என்றார். நான் கும்பிட்டேன், இது போதும் தம்பி, காலையில் செங்கோட்டை வழியாகப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. "இவ்வளவு பக்கமா? அப்ப வேண்டாம்க்கா, அவ என்ன நினைப்பா?" என்று போனை வைத்துவிட்டார்.

ஒவ்வொரு தடவையும் ரூமில் பார்த்த வீடியோவை ரஷீதாவுக்கும் அனுப்பிவிடுவாராம். அவங்க என்ன சொன்னாங்க, எது பிடிச்சிருக்காம் என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவகிட்ட எதுக்குக் கேக்கணும்? சர்ப்ரைஸா இருக்கட்டும்க்கா."

வரையாட்டுக்குப் பேறுகாலம்

தென்காசியில் ஒரு பேங்கில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், மூணாறு பக்கம் இரவிகுளம் பார்க்குக்கு மாசி மாதமே போக வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அங்கே வரையாடு குட்டி போடும், அதனால் பார்க்கை மூடி வைத்திருப்பார்கள், குட்டிகள் கொஞ்சம் தேறிய பிறகுதான் ஆளை உள்ளே விடுவார்கள் என்று சொன்னேன். நம்பவில்லை. ஆடு குட்டி போடுகிறது என்பதற்காகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆள் நடமாட்டம் இருந்தால் தாய் ஆடு மிரளும், குட்டியை விட்டுவிட்டு ஓடிவிடும் என்று விளக்கினேன். மலை முழுவதையுமா மூடுவார்கள் என்றார். ஆமாம் என்றேன்.

நான் பொய் சொல்லி வேறு ஊரைத் தலையில் கட்டுகிறேன் என்று நினைத்து என்னோடு மல்லுக்கு நின்றார். போனில் தேடிக் காட்டினேன். வாசித்தார். முகத்தில் கோபம் போய் வேறு என்னவோ வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் வாசலில் நின்று சொன்னார்.

"எனக்குப் பேறுகாலம் ஆன மறுநாளே வீடு நெறய ஆளு. ஒரு வாசக்கதவைச் சாத்தி வைக்க ஒருத்தருக்கும் தோணல. நல்லா இருக்கட்டும், ஆடாவது நல்லா இருக்கட்டும்."

அவருக்கு அந்த வருஷம் நான் எதையும் விற்கவில்லை. விற்கத் தோன்றவும் இல்லை.

குலதெய்வத்துக்கு முன்னால்

பங்குனியில் எந்தத் தேதியைக் குறித்தாலும் அதற்கு முன்னேயோ பின்னேயோ பங்குனி உத்திரம் வந்து நிற்கும். அன்றைக்கு எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எந்த ஊரில் இருந்தாலும் தங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வந்தாக வேண்டும். இது தெரிந்துதான் நான் தேதி போடுவேன். ஆனால் பட்டாளத்தில் இருக்கும் ஒரு தம்பி, லீவு கிடைத்த வேகத்தில், நான் எச்சரித்தும் கேளாமல் அந்த நாளிலேயே பந்திப்பூருக்கு வண்டி சொல்லிவிட்டார். புறப்படுவதற்கு முந்தின நாள் அவருடைய அண்ணன் வயலிலிருந்து நேராக வந்தார், காலில் சேறோடு. வண்டி வேண்டாம் என்றார். தேதியை மாற்றித் தருகிறேன், யானை பார்க்கப் பிள்ளைகள் ஆசையாக இருப்பார்களே என்றேன்.

"எங்க சாஸ்தா இருக்கதும் காட்டுக்குள்ளதான், அவரு முன்னால நிக்கதும் யானைதான். சாமியையும் பாத்தாச்சு, யானையையும் பாத்தாச்சு. தனியா எதுக்கும்மா டிக்கெட்டு?"

என் வண்டி ஓட்டும் முருகையா அண்ணனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். செங்கோட்டைக்காரர், எதற்கும் அசராதவர். அதற்கு முந்தின வாரம் ஒரு லாட்ஜ் முதலாளி, சிங்கவால் குரங்கு பார்க்க வண்டி வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் என் லாட்ஜுக்குள்ளேயே வாலோடு நாற்பது குரங்கு வரும் என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பியதையும் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அண்ணன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மழைக்குப் பொறந்த ஊருல குடை விக்கலாம். காட்டுக்குப் பொறந்த ஊருல காட்டை விக்க வந்தது உன் தப்பும்மா."

லீவுக்குப் பாத்தியப்பட்டவர்கள்

பெருநாளுக்கு மைதீன் ஊருக்கு வந்தார். பார்க் இன்னும் முடிவாகவில்லை. பெருநாள் முடிந்து பிரியாணி வாசம் அடங்குவதற்குள் ஆபீசுக்கு வந்தவர், கார் வேண்டாம், வேன் சொல்லுங்கள் என்றார். எதற்கு வேன் என்றால், தங்கச்சி குடும்பமும் வருகிறதாம். இரண்டு நாள் கழித்துப் பெரிய வேன். தங்கச்சி மாப்பிள்ளையின் தம்பியும் சின்ன மாமாவும் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் மைதீனைப் பெற்ற உம்மா, அவர் கையில் மைதீனின் சின்ன மகள். கல்ஃபிலிருந்து வந்தவன் மனைவியை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும் என்று சின்ன மாமா கேட்டாராம்.

இவ்வளவு பேரும் ஆளுக்கு ஒரு காடு சொன்னார்கள். தங்கச்சிக்கு மூணாறு, அங்கே ஸ்வெட்டர் போட்டு போட்டோ எடுக்கலாம். தங்கச்சி மாப்பிள்ளைக்கு முதுமலை, போகிற வழியில் திருப்பூரில் ஜவுளி பார்க்கலாம். சின்ன மாமாவுக்கு எந்தக் காடானாலும் சரி, மத்தியானம் சோறு சூடாக இருக்க வேண்டும். காசிரங்காவும் ரந்தம்பூரும் இதற்குள் செத்துப் போயிருந்தன, போய்வரவே லீவில் பாதி தீர்ந்துவிடும். மைதீன் எல்லாருக்கும் தலையாட்டினார். லீவு அவருடையதுதான், ஆனால் அதில் அவருக்குத்தான் பங்கு இல்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ, போன லீவுபோல இதுவும் ஏர்போர்ட் வண்டியில்தான் முடியும் என்று பட்டது. நறுக்கென்று கேட்டே விட்டேன், தம்பி, இது யாருக்காகப் போகிற டூர் என்று.

"ரஷீதாவுக்காகத்தான் அக்கா. ஆனா எல்லாரும் சந்தோசமா இருந்தாத்தான அவளும் சந்தோசமா இருப்பா?"

கேட்காமல் விட்டவர்

மறுநாள் அவர் ரஷீதாவையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். உட்கார்ந்த உடனே தம்மாமிலிருந்து ராஜஸ்தான்காரர் வீடியோ காலில் வந்துவிட்டார். என் ஆபீசுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மைதீன் பால்கனிக்குப் போய், ஊரையும் மலையையும் அந்த நண்பருக்குச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். ரஷீதா கண்ணாடி வழியாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உனக்கு எங்கேம்மா போகணும் என்று கேட்டேன். "அவுக எங்க சொன்னாலும் சரிதான்க்கா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவுக சொல்லி, அவுக ரூம்காரர்கள் சொல்லி, அவுக மாமா சொல்லி எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது, உன் வாயால் ஒன்று சொல் என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. அந்தப் பெண் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். பயப்படவில்லை. மேஜைக்கு மேல் குனிந்து, ரகசியம் மாதிரி கேட்டார்.

"டவர் கெடைக்காத காடு ஏதாவது இருக்காக்கா? எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து போன்லதான் குடும்பம். இப்பம் நேருல வந்திருக்காக, ஆனா இங்கயும் போன்லதான் இருக்காக."

சீட்டுகள் காலியான கதை

இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருவர் கேட்ட உருப்படியான கேள்வி அதுதான். புலி வருமா, குளிக்கலாமா, சோறு சூடாக இருக்குமா என்று கேட்டவர்கள் எல்லாரும் வரிசையாக என் கண்முன் வந்து போனார்கள். மைதீன் உள்ளே வந்ததும் நான் ஒரே போடாகப் போட்டேன்: சைலன்ட் வேலி. பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம். இந்த நேரத்துக்கு அதைவிட நல்ல காடு கிடையாது. ரஷீதாவுக்கும் அதுதான் வேண்டுமாம். "அவளுக்கா? அவளா சொன்னா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வேறு பேச்சே பேசவில்லை.

அன்று சாயங்காலமே வேனில் வருவதாக இருந்த ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டேன். நல்ல காடு, நல்ல குளிர்ச்சி, ஒன்றே ஒன்றுதான், உள்ளே போய்விட்டால் டவர் கிடையாது என்றேன். அவ்வளவுதான். ஜவுளி ஆர்டர் வரும் நேரம் என்று தங்கச்சி மாப்பிள்ளை கழன்றுகொண்டார். போட்டோவை உடனே போட முடியாத ஊருக்கு எதற்கு என்று தங்கச்சியும் கழன்றுகொண்டார். மாப்பிள்ளையின் தம்பிக்குக் காரணமே தேவைப்படவில்லை. சின்ன மாமா குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குத் தலைவர், காலையில் அவர் சலாம் போடாவிட்டால் குரூப் விடியாது. பெரிய வேன் சின்ன வேனாகி, சின்ன வேன் காராகிவிட்டது.

கடைசியாக உம்மா மட்டும்தான் பாக்கி. அவரிடமும் டவர் கதையைச் சொன்னேன். ரியாத்தில் இருக்கும் மூத்த மகள் தினமும் கூப்பிடுவார் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எம்மா, எனக்கு டவர் கதையெல்லாம் சொல்லாத. என்னைக் கட்டுன மாப்பிள்ளையும் சிலோன்ல கடை வச்சிருந்தவருதான், நானும் லெட்டர்லயே குடும்பம் நடத்துனவதான். பேத்தி எங்கிட்ட இருக்கட்டும். அவுக ரெண்டு பேரையும் அனுப்பி வையி."

என்ன பார்த்தீர்கள்?

முருகையா அண்ணன்தான் கார் ஓட்டிப் போனார். திரும்பி வந்ததும் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். காட்டுக்குள் வனத்துறை ஜீப்பில்தான் போக வேண்டும், கூட ஒரு கைடு வருவார். இவரும் தொற்றிக்கொண்டு போயிருக்கிறார். புறப்பட்டுக் கொஞ்ச தூரத்திலேயே மைதீன் போனைப் பார்த்தாராம், தட்டிப் பார்த்தாராம், ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தாராம். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஆரம்பித்த பேச்சு அணை திறந்த மாதிரி போயிருக்கிறது. கைடு முதலில் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு தன் மலையாளத் தமிழில் "மிண்டாதீங்க" என்றார். பிறகு கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. "முன்னால போன ஜீப்புக்காரனுக்குக் குரங்கு, அணிலு, காட்டெருமை எல்லாம் கண்ணுல பட்டுச்சு. எங்களுக்கு ஒரு காக்கா வரலைம்மா" என்றார் அண்ணன்.

இவ்வளவு பாடுபட்டு அனுப்பி, ஒரு மிருகம்கூடக் கண்ணில் படவில்லை என்றால் என் பேர் என்னாவது? உடனே ரஷீதாவைக் கூப்பிட்டேன். மைதீன் தம்மாமுக்குக் கிளம்ப இன்னும் சில நாள் இருந்தது. பின்னால் அவர் குரல் கேட்டது, என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மன்னிச்சிரும்மா, ஒண்ணும் பாக்க முடியலையாமே என்றேன். ரஷீதாவுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே முதலில் புரியவில்லை.

"யாருக்கா சொன்னா பாக்கலைன்னு? நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன். அந்தக் கைடு அண்ணன்தான் பாவம், வெளிய பாருங்க வெளிய பாருங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு."

இத்தனை வருஷமாக யானை, புலி, வரையாடு என்று தொண்டை வறளக் காடு விற்றதில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர், ஒரு காக்காய்கூடக் காட்டாத அந்த டூருக்குத்தான்.